விபத்து அறிக்கைகளோடு ஒரு செப்டம்பர்

2024 செப்டம்பர் 7, சனி

விமானம் ஓட்டும் அடுத்த பாடம் பைப்பர் ஆர்ச்சர் என்ற சிறு விமானத்தில் என்று பயிற்றுநர் சொல்லிவிட்டார். இதுவரை பழைய செஸ்னா 172தான். செஸ்னாவில் எந்த டாங்கிலிருந்து எடுப்பது என்று தேர்வு செய்யும் எரிபொருள் குமிழை ‘இரண்டும்’ என்ற நிலையில் வைத்துவிட்டால் இரு இறக்கைகளின் டாங்குகளும் சேர்ந்தே என்ஜினுக்கு ஊட்டும். ஆர்ச்சரில் அப்படியொரு நிலையே இல்லை. இடது, வலது, அடைப்பு, அவ்வளவுதான். நேரம் பார்த்து விமானிதான் மாற்ற வேண்டும். எனவே இம்மாதம் எரிபொருள் தொடர்பான அறிக்கைகளாகப் படிக்கப் போகிறேன்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்.டி.எஸ்.பி. தரும் கணக்கு: 2011 முதல் 2015 வரை, எரிபொருளைக் கையாண்ட விதத்தால் ஆண்டுக்குச் சராசரியாக 50க்கும் மேற்பட்ட சிறு விமான விபத்துகள். இவற்றில் ஒரு பகுதி, ஒரு டாங்கில் எரிபொருள் இருக்கும்போதே மற்றது வற்றி என்ஜின் நின்றவை.

“தூங்கப் போகும் முன் படிக்க வேறு எதுவும் கிடைக்கவில்லையா?” என்கிறார் மனைவி.

செப்டம்பர் 11, புதன்

பாடகர் ஜான் டென்வரின் விபத்து அறிக்கை. 1997 அக்டோபர் 12, கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடா. விமானம், வீட்டிலேயே கட்டிய லாங்-ஈசி வகை. அவர் அதை அண்மையில்தான் வாங்கியிருந்தார்.

அந்த வடிவமைப்பின்படி எரிபொருள் குமிழ் விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவரோ, எரிபொருள் குழாய்கள் காக்பிட்டுக்குள் வரக்கூடாது என்று அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். டாங்கில் எவ்வளவு எரிபொருள் இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிகளும் பின்னால்தான். அவற்றில் அளவுக்கோடுகள் இல்லை. புறப்படும் முன் ஒரு தொழில்நுட்பப் பணியாளரும் டென்வரும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். குமிழுக்கு நீட்டம் தர ஒரு பிடிகுறடைப் பொருத்திப் பார்த்தார்கள், உதவவில்லை. கண்ணாடிகளைப் பார்ப்பதற்கு அந்தப் பணியாளர் ஒரு சிறு ஆடியைக் கொடுத்தார். எரிபொருள் நிரப்பவா என்ற கேள்விக்கு, ஒரு மணி நேரம்தானே பறக்கப் போகிறேன், வேண்டாம் என்பது பதில்.

குமிழைத் திருப்ப வேண்டுமானால் கட்டுப்பாட்டுத் தண்டிலிருந்து வலது கையை எடுத்து, உடலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பிப் பின்னால் எட்ட வேண்டும். அப்படித் திரும்பும்போது ஊன்றுதலுக்காக வலது கால் தானாக நீளும். அங்கே இருப்பது விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் சுக்கான் மிதி. கட்டுப்பாடு தவறியதற்கு வாரியம் காட்டிய காரணங்களில் இதுவும் ஒன்று. நிரப்பாமல் புறப்பட்டதையும், குமிழை அந்த இடத்தில் வைத்த முடிவையும், போதாத பயிற்சியையும் சேர்த்தே எழுதியிருக்கிறது.

எனக்கு உறுத்துவது அந்தப் பிடிகுறடுதான். சிக்கல் அவருக்குத் தெரிந்திருந்தது. அதைப் பேசி, கருவி எடுத்து, முயன்றும் பார்த்தாயிற்று. முயன்றது பலிக்காதபோது ‘இன்று வேண்டாம்’ என்று யாராவது சொல்லியிருக்கலாம். ஒரு சிக்கலைப் பற்றி நிறையப் பேசிவிட்டால் அதைத் தீர்த்துவிட்ட நிம்மதி வந்துவிடுகிறது போலும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இனி வேறு மாதிரிப் படிக்கிறேன். வாரியம் கூறும் ‘சாத்தியமான காரணம்’ இரண்டு மூன்று வரிகள்தான். பலர் அதை மட்டும் படித்துவிட்டு ‘நான் இப்படிச் செய்யமாட்டேன்’ என்று நகர்கிறார்கள். நான் அந்தப் பகுதியை மூடிவைத்து, விமானம் ஓடுபாதையை விட்டு எழும் இடம் வரை மட்டும் படிக்கிறேன். அங்கே நிறுத்தி, அதே வானிலை, அதே எடை, அதே எரிபொருளோடு நான் கிளம்பியிருப்பேனா என்று குறிப்பேட்டில் எழுதுகிறேன். ‘கிளம்பியிருப்பேன்’ என்றே பெரும்பாலும் எழுத வேண்டியிருக்கிறது. முடிவு தெரியாதவரை எல்லாம் சாதாரண நாளாகத்தான் தெரிகிறது.

செப்டம்பர் 21, சனி

இன்று கார்புரேட்டர் பனி, அதாவது என்ஜினுக்குப் போகும் காற்றோடு எரிபொருளைக் கலக்கும் பாகத்தில் கட்டும் பனி. வெளியே 20 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் காற்று ஈரமாக இருந்தால் கார்புரேட்டருக்குள் பனி கட்டலாம். உள்ளே எரிபொருள் ஆவியாவதாலும் காற்று விரிவதாலும் வெப்பம் அந்த அளவுக்கு இறங்குகிறது. இந்த அறிக்கைகளில் ஒரு விநோதம்: தடயம் உருகிவிடும். வயலில் இறங்கிய விமானத்தின் என்ஜினைப் பின்னர் இயக்கிப் பார்த்தால் குறையின்றி ஓடுகிறது. விசாரணையாளருக்கு எஞ்சுவது அந்த நேரத்து வெப்பநிலையும் பனிநிலையும் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) மட்டும்தான். இரண்டும் நெருங்கியிருந்தால் வரைபடத்தில் புள்ளி வைத்து, பனி கட்ட ஏற்ற சூழல் என்று எழுதுகிறார்கள்.

நான் ஓட்டும் செஸ்னாவில் இறங்குவதற்காக விசையைக் குறைக்கும் முன் கார்புரேட்டர் சூட்டை, அதாவது அதற்குள் சூடான காற்றை அனுப்பும் அமைப்பை, போடுவது பழக்கம். ஆர்ச்சரின் கையேடோ பனிக்கான அறிகுறி தெரிந்தால் மட்டும் போடச் சொல்கிறது. கை செய்த வேலையை இனி கண்ணும் காதும் செய்ய வேண்டும். வானிலை அறிக்கையில் பனிநிலை எண்ணை வெறுமனே வாசித்துக் கடப்பதை விட்டேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஆர்ச்சர். குமிழ் இடது காலருகே பக்கச் சுவரில். வலது இருக்கையில் உள்ள பயிற்றுநருக்கு எளிதில் எட்டாது. கிளம்பும் முன் பார்க்காமலே தொட்டுப் பழகினேன். டாங்க் மாற்ற, பலரும் கையாளும் கடிகார முறை: நிமிட முள் எந்தப் பாதியில் இருக்கிறதோ அந்தப் பக்க டாங்க்.

இரவில், நாசா 1976 முதல் நடத்தும் அறிக்கை முறையில் வந்த சில குறிப்புகள். விபத்தாகாமல் தப்பியவர்கள் பெயர் வெளிவராமல் எழுதுவது. என்.டி.எஸ்.பி. அறிக்கை பல சமயம் ஊகிக்க வேண்டியிருப்பதை, அதாவது அந்த நேரத்தில் விமானி என்ன நினைத்தார் என்பதை, இங்கே அவரே சொல்லிவிடுகிறார். எனக்கு இவையே அதிகம் பயன்படுகின்றன.

அக்டோபரில் இரவுப் பாடங்கள். அதற்கு முன் 1999 ஜூலை 16 அறிக்கையைப் படிக்க வேண்டும்: அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர், மங்கல் படர்ந்த இரவில், கடல் மேல், பைப்பர் சரடோகாவில். திசையுணர்வு தடுமாறியதே காரணம் என்று உலகுக்கே தெரியும் என்பதால் மூடிவைத்துப் படிக்கும் முறை இதற்கு உதவாது. வானிலைப் பகுதியிலிருந்து தொடங்கலாம்.