பட்டறையில் நிலைத்து நிற்பவர்

பெங்களூரு பீனியா பக்கத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் 19 ஆண்டுகளாக வெல்டிங் பயிற்றுநராக இருக்கிறேன். வெல்டர் பிரிவு மாணவர்கள் ஓராண்டில் சான்றிதழோடு போய்விடுகிறார்கள். ஃபிட்டர், டர்னர் மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகள். அதே கூடத்தில், அதே புகையில், வருடா வருடம் நிற்பவர் பயிற்றுநர் ஒருவரே. இந்த எளிய கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

அதுவும் ஒரு காய்ச்சலால்தான். மழைக்கால மாலை ஒன்றில், சாரல் அடிக்கிறதென்று ஜன்னல்களை அடைத்துவிட்டு, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றவைத்துக் காட்டினேன். வெண்புகை கிளம்பியது, நாக்கில் இனிப்பு கலந்த உலோகச் சுவை தட்டியது. இரவு பத்து மணிக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. மலேரியா என்றே மனைவி பயந்தார். துத்தநாக ஆக்ஸைடின் நுண்துகள்களைச் சுவாசிப்பதால் வரும் இந்த உலோகப் புகைக் காய்ச்சல் சில மணி நேரம் கழித்தே தலைகாட்டி, ஓரிரு நாளில் தானாக அடங்கிவிடும் என்பதால், பலரும் சாதாரண ஜுரமென்று மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடி அதே புகைக்குத் திரும்பிவிடுகிறார்கள். இதையே கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பாடம் நடத்தியவன் நான் என்பதுதான் வெட்கம்.

சாணைக்கல்லை மாட்டுமுன் மரக்கைப்பிடியால் தட்டி, விரிசல் இல்லாமல் கணீரென்று ஒலிக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் தருகிறோம். லேத்தில் கையுறை கூடாது என்கிறோம். ஆனால் 'ஒரு டேக்குதானே', அதாவது ஒரு சின்னப் புள்ளிப் பற்றவைப்புதானே, என்று முகக்கவசம் இல்லாமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு வெல்டிங் ராடை உரசுவது எங்களில் பலருக்குப் பழக்கம். ஒருநாள் திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் நின்ற பையன்களும் அதே மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் கோலார் தங்கவயலிலிருந்து வருபவன், சுரங்கத் தூசியில் இருமி இருமியே மாண்ட ஒருவரின் பேரன். "சார், நீங்க மாஸ்க் போட மாட்டீங்களா?" என்றான். கைக்குட்டையைக் காட்டினேன். அது புகையைத் தடுக்காது என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

தொழிற்சாலைக்கு அப்ரண்டிஸாகச் செல்லும் அதே பையனுக்கு, 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் தொழிலாளர்களுக்கான உடல்நல, பாதுகாப்பு விதிகளைப் பொருத்தி வைத்திருக்கிறது. அவனைத் தயார்செய்து அனுப்பும் எனக்கு நுரையீரல் பரிசோதனையோ செவித்திறன் பரிசோதனையோ இதுவரை ஒருமுறைகூட நடந்ததில்லை. கேட்டுப் பெறவேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை; ஆசிரியர் என்றால் தொழிலாளி அல்லவே என்ற சின்ன கர்வம்.

புகை உறிஞ்சும் கருவி கேட்டு இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த ஆண்டு மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாளன்று, உறுதிமொழி வாசித்துப் படமும் எடுத்துக்கொண்டோம். பாதுகாப்பு வாசகம் அச்சிட்ட பெரிய பேனரை வெல்டிங் கூடத்தின் ஜன்னலை மறைத்துக் கட்டியிருந்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் முதல் வேலையாக அதை அவிழ்த்தேன்.