கியர் உதைப்பைத் தேடிப் போய்க் கதவுப் பூட்டுக்கு வந்து சேர்ந்தேன்: 300டி வேலை இதுவரை

வண்டி 1983 மாடல் மெர்சிடிஸ் பென்ஸ் 300டி டர்போ டீசல். அமெரிக்காவில் விற்பதற்காக வந்த டபிள்யூ123 (மெர்சிடிஸ் அந்த வரிசைக்கு வைத்த எண்). ஐந்து சிலிண்டர் ஓஎம்617 இன்ஜின், 722.3 என்ற நாலு கியர் ஆட்டோமேட்டிக். இன்ஜின் நன்றாகவே இருக்கிறது. கியர் மாறுவதுதான் தொல்லை. மிதமாக ஓட்டும்போது இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும் இடத்தில் முதுகில் உதை விழுந்த மாதிரி வண்டி குலுங்கும். முழுசாக மிதித்து ஓட்டினால் அவ்வளவு தெரியாது.

காட்டிய இடத்தில் கியர்பாக்ஸையே இறக்கிப் பிரிக்கணும் என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இன்னொரு அறிகுறியும் கூடவே இருந்தது: சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் இன்ஜின் சில நொடிகள் ஓடிக்கொண்டே இருந்தது. இந்த வண்டியில் இன்ஜினை அணைப்பது வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சுவதால் வரும் வெற்றிட இழுப்பு. சாவி திரும்பியதும் இன்ஜெக்ஷன் பம்ப்பில் உள்ள ஒரு டயாஃபிரமை (ரப்பர் சவ்வு) வேக்குவம் இழுத்து டீசலை நிறுத்துகிறது. கியர் மாறும் மென்மையையும் அதே வேக்குவம்தான் தீர்மானிக்கிறது. இரண்டும் சேர்ந்து கெட்டால் முதலில் பார்க்க வேண்டியது கியர்பாக்ஸுக்கு வெளியே.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் நேராகக் கியர்பாக்ஸில் அழுத்தத்தைச் சரிசெய்யும் திருகைத் திருப்பப் போய்விடுகிறார்கள். பெட்ரோல் இன்ஜினில் த்ராட்டில் மூடியிருக்கும்போது மேனிஃபோல்டில் தானாகவே வேக்குவம் உண்டாகும். மிதிக்க மிதிக்கக் குறையும். அதை வைத்தே இன்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்று கியர்பாக்ஸ் தெரிந்துகொள்ளும். டீசலில் த்ராட்டில் தட்டு கிடையாது, அதனால் அந்த வேக்குவமும் கிடையாது. அதற்காக இன்ஜினின் முன்பக்கத்தில் தனியாக ஒரு வேக்குவம் பம்ப். அது கொடுக்கும் வேக்குவத்தை, இன்ஜெக்ஷன் பம்ப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு கண்ட்ரோல் வால்வு மிதிக்கும் அளவுக்கு ஏற்பக் குறைத்து அனுப்பும். டர்போ வண்டியில் இடையில் நீல நிறத்தில் தட்டையான ஓர் ஆம்ப்ளிஃபையரும் உண்டு; இந்த வண்டிக்காரர்கள் அதைப் பறக்கும் தட்டு என்பார்கள். கடைசியில் வேக்குவம் கியர்பாக்ஸில் உள்ள மாடுலேட்டருக்குப் போய்ச் சேரும். வேக்குவம் அதிகமாக வந்தால் உள்ளே ஆயில் அழுத்தம் குறைந்து கியர் மெதுவாகப் பிடிக்கும். வேக்குவமே வராவிட்டால், டிரைவர் முழுசாக மிதிக்கிறார் என்று நினைத்து முழு அழுத்தத்தோடு பிடிக்கும். என் வண்டி மிதமான ஓட்டத்தில் உதைத்ததற்குக் காரணம் இதுதான்.

கேஜ் உள்ள கை வேக்குவம் பம்ப் ஒன்று வாங்கினேன். இந்த வண்டி வைத்திருப்பவர்கள் வேறு எந்தக் கருவியையும் விட இதை முதலில் வாங்கலாம். பம்ப்பிலிருந்து வரும் பெரிய பைப்பில் ஐட்லிங்கில் 20 அங்குலத்துக்கு (பாதரச அளவில்) மேல் இருக்க வேண்டும்; பார்த்தால் நன்றாகக் குறைவாக இருந்தது. மாடுலேட்டர் முனையில் 10 முதல் 15 அங்குலம் எதிர்பார்க்கலாம். அங்கே முள் அசையவே இல்லை என்று சொல்லலாம். மாடுலேட்டரைத் தனியாகக் கழற்றிப் பம்ப் அடித்தால் வேக்குவம் அப்படியே நின்றது. அந்தப் பைப்புக்குள் ஆயிலும் இல்லை. டயாஃபிரம் கிழிந்திருந்தால் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) அந்தப் பைப் வழியாக மேலே ஏறி வந்திருக்கும். ஆக மாடுலேட்டர் நலம்.

அப்புறம் ஒவ்வொரு கிளையாகக் கழற்றி, கால்ஃப் ஆட்டத்தில் பந்து வைக்கும் டீயைக் குழாய் முனையில் செருகி அடைத்துப் பார்த்தேன். அளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. மஞ்சள் செக் வால்வுக்குப் (ஒருவழி வால்வு) பின்னால் போகும் கிளையை அடைத்த உடனே கேஜ் முள் குதித்து மேலே போனது. அது சென்ட்ரல் லாக்கிங்குக்குப் போகும் கிளை! டிரைவர் கதவு தவிர மற்ற மூன்று கதவு, டிக்கி, டீசல் மூடி எல்லாவற்றின் பூட்டையும் ஓட்டுவது இதே வேக்குவம். கதவு அட்டையைக் கழற்றிப் பார்த்ததில் பின்பக்க இடது கதவின் பூட்டு டயாஃபிரம் கிழிந்திருந்தது. டிரைவர் கதவில் உள்ள மாஸ்டர் வால்வில் குழாய் செருகும் ரப்பரும் இறுகி விரிசல் விட்டிருந்தது. நாற்பது வருட ரப்பர், வேறென்ன ஆகும். இன்ஜின் அறையில் இருந்த எல்லா ரப்பர் இணைப்புகளையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டேன். விலை மிகக் குறைவு, ஒன்றொன்றாக மாற்றுவதில் அர்த்தமில்லை.

பலன் முதல் ஓட்டத்திலேயே தெரிந்தது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் அப்போதே அணைந்தது. உதைப்பு முக்கால்வாசி போயிருந்தது.

மீதி உதைப்புக்காக ஏடிஎஃப் மாற்றினேன். இந்தக் கியர்பாக்ஸில் ஒரு நல்ல வசதி, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் மூலம் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்கும் வடிகால் போல்ட் உண்டு. 27 மி.மீ. சாக்கெட்டால் கிராங்கைத் திருப்பி, பெல் ஹவுசிங் ஓட்டையில் அந்தப் போல்ட் தெரியும்வரை கொண்டுவந்தால் பழைய ஆயில் கிட்டத்தட்ட முழுவதும் இறங்கிவிடும். பான், கன்வெர்ட்டர் இரண்டுக்கும் 5 மி.மீ. ஆலன் கீ போதும். ஃபில்டரும் கேஸ்கெட்டும் புதிது. நிரப்பும்போது அவசரம் கூடாது: முதலில் நாலு லிட்டர், பிறகு இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக. ஆயில் சூடான பிறகு, பி-யில் வைத்து, இன்ஜின் ஓடும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். குச்சியில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் வித்தியாசம் சுமார் 0.3 லிட்டர்தான்.

அடுத்தது கேபிள். கியர் எந்த வேகத்தில் மாற வேண்டும் என்பதை ஆக்ஸிலரேட்டர் லிங்கேஜிலிருந்து வரும் கேபிள் பார்த்துக்கொள்கிறது. எவ்வளவு அழுத்தமாக மாற வேண்டும் என்பதை வேக்குவம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் சரிசெய்யவே முடியாது. லிங்கேஜில் தேய்ந்த புஷ்களை மாற்றி, கால் எடுத்த நிலையில் கேபிள் தொங்காமலும் இழுக்காமலும் வைத்தேன். முன்பு கியர் சீக்கிரமே மேலே ஏறிக்கொண்டிருந்தது, இப்போது சரியான நேரத்தில் மாறுகிறது.

மாடுலேட்டரை இதற்கெல்லாம் பிறகுதான் தொட்டேன். மூடியை எடுத்தால் உள்ளே ஒரு சிறிய டி வடிவக் கைப்பிடி. கால் சுற்று மட்டும் மென்மைப் பக்கம். அதோடு நிறுத்திக்கொண்டேன். வெண்ணெய் போல மாற வேண்டும் என்று ஆசைப்பட்டு அழுத்தத்தை மேலும் குறைத்தால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் பிடிக்காமல் வழுக்கும், இன்ஜின் ஒரு கணம் உறுமிவிட்டுத்தான் அடுத்த கியர் விழும். அப்படி ஓட்டினால் கிளட்ச் தேய்ந்துபோகும். கியர் மாறுவது லேசாகத் தெரிய வேண்டும். என் கணக்கில் அதுதான் ஆரோக்கியம்.

இப்போது ஊருக்குள் இரண்டு-மூன்று மாற்றம் இதமாக இருக்கிறது. நன்றாகச் சூடான பிறகு, மேட்டில் பாதி மிதியில் போகும்போது மட்டும் இன்னும் சற்று அழுத்தமாக விழுகிறது. கண்ட்ரோல் வால்வு உள்ளே தேய்ந்திருக்கலாம் என்று சந்தேகம். மிதியைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, ஒவ்வொரு நிலையிலும் கேஜ் என்ன காட்டுகிறது என்று அடுத்து எழுதி வைக்கப் போகிறேன். முள் சீராக இறங்காமல் ஏதாவது ஓரிடத்தில் சட்டென்று விழுந்தால் வால்வை மாற்றிவிடலாம். பின்கதவு டயாஃபிரம் வரும்வரை அந்தக் குழாயில் கால்ஃப் டீ செருகியபடியே இருக்கிறது. அந்தக் கதவை மட்டும் கையால் பூட்டிக்கொள்கிறேன்.