சொல்லிச் செய்யும் சென்ட்: காசு எங்கே போகிறது?

"உங்களுக்காகவே செய்த சென்ட்" என்று விற்பதில் மூன்று வேறு வேறு சரக்கு இருக்கிறது. விலை கேட்பதற்கு முன் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, கண்முன்னே கலந்து கொடுப்பது. 2006-இல் நியூயார்க்கில் தொடங்கிய லெ லாபோ இதைப் பிரபலமாக்கியது. வாசனைக் கலவை முன்பே முடிவானது; கவுன்ட்டரில் நடப்பது ஆல்கஹால் சேர்ப்பதும் லேபிளில் பெயர் அடிப்பதும்தான். அடுத்தது, பிரான்சின் கிராஸ் நகரில் காலிமார், மொலினார் போன்ற பழைய நிறுவனங்கள் நடத்தும் சில மணி நேரப் பட்டறை. ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி முன்பே கட்டிவைத்த கலவைகள் கையில் கிடைக்கும், எப்படிக் கலந்தாலும் மோசமாக வராது. ஜாலியான மதியம், அவ்வளவே. மூன்றாவதுதான் நிஜமான தனி ஆர்டர்: வெற்றுத்தாளில் தொடங்கி ஒரு ஆளுக்காக ஃபார்முலா எழுதுவது. லண்டன் ஜெர்மின் தெருவில் 1730 முதல் இருக்கும் ஃப்ளோரிஸ் போன்ற கடைகளிலும், தனியாக வேலை செய்யும் சில பெர்ஃப்யூமர்களிடமும் கிடைக்கும். இனி பேசப்போவது இதைப் பற்றித்தான்.

விலைக்குக் காரணம் அரிய மூலப்பொருள் என்று எல்லாரும் சொல்வார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 42 கிராம் திரவம். 20 சதவீதச் செறிவு என்றால் வாசனைக் கலவை 8.4 கிராம், மீதி ஆல்கஹால். அந்தக் கலவையில் ஜாதிமல்லி அப்சல்யூட் (பூவிலிருந்து எடுக்கும் அடர்ந்த வாசனைச் சாறு) 2 சதவீதம் என்றால் 0.168 கிராம். ஒரு கிலோ அப்சல்யூட்டுக்கு சுமார் 700 கிலோ பூ வேண்டும். ஆக உங்கள் பாட்டிலுக்குள் போனது 120 கிராம் பூ, பூக்காரம்மா கூறுகட்டி விற்கும் அளவு. அப்சல்யூட் கிலோ 4 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 67 ரூபாய்தான் ஆகிறது. சந்தனமும் ரோஜாவும் சேர்ந்தால் ஏறும். ஆனாலும் பாட்டில் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

(அந்தப் பூவில் கணிசமான பங்கு நம் ஊருடையது. கோவை, சத்தியமங்கலம், மதுரை வட்டாரத்துப் பூவை ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து மெழுகு போன்ற கான்க்ரீட் எடுத்து, அதை ஆல்கஹாலில் கழுவி, குளிரவைத்து மெழுகை வடிகட்டினால் அப்சல்யூட். குண்டுமல்லியை மொட்டாகப் பறித்து, சாயங்காலம் விரியும்வரை காத்திருந்துதான் கரைப்பானில் போடுவார்கள். மொட்டாகவே போட்டால் வாசனை ஏறாது.)

அப்படியென்றால் காசு எங்கே போகிறது? சோதனைக் கலவைகளில். தொழிலில் இதை மாட் என்பார்கள். ஒரு தனி ஆர்டருக்கு இருபது, முப்பது மாட் போவது சாதாரணம். ஒவ்வொன்றையும் எடைபோட்டு, ஊறவைத்து, மோந்து பார்த்து, குறிப்பெழுதி, திரும்பத் தொடங்க வேண்டும்.

எடை என்றால் எடைதான், சொட்டுக்கணக்கு கிடையாது. வெட்டிவேர் எண்ணெயின் சொட்டு கெட்டியாக, கனமாக விழும். எலுமிச்சை இனத்துப் பெர்கமாட் எண்ணெயின் சொட்டு சிறியது. சொட்டெண்ணிச் செய்த 5 மில்லி சாம்பிள் அருமையாக இருந்துவிட்டு, 50 மில்லிக்குப் போனதும் ஆளே மாறிப்போவது இதனால்தான். 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். அதுவும் போதாத இடங்கள் உண்டு: ரோஜாவுக்கு உயிர் கொடுக்கும் டமாஸ்கோன் 0.005 கிராம் தேவை என்றால், அதை நேராக எடைபோடுவதில்லை. 1 சதவீதமாகக் கரைத்துவைத்த பாட்டிலிலிருந்து 0.5 கிராம் எடுப்பார்கள். கரைசல் எத்தனை சதவீதம் என்று லேபிளில் எழுதாத மேசையைப் பார்த்தால் ஆர்டர் கொடுக்காமல் திரும்பிவிடலாம்.

முதல் சந்திப்பில் "ஃப்ரெஷ்ஷா, கொஞ்சம் மர்மமா இருக்கணும்" என்று சொல்வதில் பயனில்லை. பிடித்த மூன்று சென்ட், தலைவலி வரவைக்கும் ஒன்று, எந்த ஊர் வெயிலில் போடப்போகிறீர்கள், மேலே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்: இவை போதும். நல்ல பெர்ஃப்யூமர் இன்னொன்றும் செய்வார். கஸ்தூரி வாசம் தரும் மஸ்க்கில் நாலைந்து வகையைத் தனித்தனிக் காகிதப் பட்டையில் கொடுத்து மோந்து பார்க்கச் சொல்வார். கேலக்சொலைடு போன்ற மஸ்க் சிலருக்கு மூக்கில் ஏறவே ஏறாது. இது தெரியாமல் கடைசிவரை நிற்க வேண்டிய அடிவாசத்தை அதன்மேல் கட்டினால், "ரெண்டு மணி நேரத்தில் போயிடுது" என்று வாடிக்கையாளர் புகார் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் மூச்சுமுட்டி நிற்பார்.

அதிகம் வரும் கோரிக்கை: "மல்லி இன்னும் கொஞ்சம் தூக்கலா". இங்கேதான் கை தெரியும். அப்சல்யூட்டை ஏற்றினால் அதிலுள்ள இண்டோல் என்ற பொருளும் சேர்ந்து ஏறி, வாடிய பூவும் நாப்தலினுமாக அடிக்கும். ஹெடியோன் என்ற செயற்கை வாசனைப் பொருளைக் கூட்டினால் அதே மல்லி காற்றோட்டமாக விரியும். 1966-இல் டியோர் நிறுவனத்தின் ஓ சவாஜ் சென்ட்டில் வந்து ஒரு தலைமுறையையே மாற்றிய பொருள் அது. அல்லது மல்லியை மூடிக்கொண்டிருக்கும் பச்சௌலி இலை எண்ணெயைக் குறைத்தாலே போதும். ஒரு சோதனைக் கலவைக்கு ஒன்றிரண்டு மாற்றம்தான். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது.

மாட் வந்ததும் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லாதீர்கள். பட்டையில் ஐந்து நிமிடம், அரை மணி, நாலு மணி நேரம், மறுநாள் காலை என்று பாருங்கள். ஒரு உட்காரலில் மூன்று நாலுக்கு மேல் வேண்டாம். பிறகு முன்கையில், தேய்க்காமல். "உங்கள் தோலின் ரசாயனத்துக்கேற்ற சென்ட்" என்பது பெரும்பாலும் விற்பனைப் பேச்சு. வறண்ட தோலில் சீக்கிரம் பறக்கும், சூட்டில் முதலில் எழும் மேல்வாசம் அவசரமாகக் கிளம்பும். பெரிதாக நடப்பது இவைதான்.

ஃபார்முலா முடிவான பிறகும் பாட்டில் உடனே வராது. கலவை ஓரிரு வாரம், ஆல்கஹால் சேர்த்தபின் நாலு வாரமாவது இருட்டில். ஆல்டிஹைடுகள் என்ற கூர்மையான வாசனைப் பொருள்கள் ஆல்கஹாலோடு வினைபுரிந்து முனை மழுங்கும், ஆரம்பத்தில் மூக்கைக் குத்தும் ஸ்பிரிட் நெடியும் அடங்கும். பிறகு ஃபிரிட்ஜ் குளிரில் வைத்து வடிகட்டுவார்கள். இந்தப் படியைச் செய்யாமல் விட்டால் அப்சல்யூட்டின் மிச்ச மெழுகு பிறகு கலங்கலாகப் படியும், ஸ்ப்ரே அடைக்கும். நிறம் பழுப்பாவது வேறு விஷயம். வனிலின், இண்டோல், நிலச்சம்பங்கியில் இருக்கும் மெத்தில் ஆந்த்ரனிலேட் எல்லாம் காலப்போக்கில் நிறம் ஏற்றும். கெட்டுப்போனதல்ல, வெள்ளைச் சட்டையில் மட்டும் அடிக்காதீர்கள்.

பழைய காலத்துப் பாசி மணம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வரம்பு உண்டு. தோலில் போடும் சென்ட்டில் ஓக்மாஸ் (ஓக் மரத்துப் பாசிச் சாறு) 0.1 சதவீதம், பிழிந்தெடுத்த பெர்கமாட் 0.4 சதவீதம் என்பது சர்வதேச வாசனைச் சங்கமான இஃப்ராவின் கட்டுப்பாடு. முதலாவது ஒவ்வாமைக்காக, இரண்டாவது வெயில் பட்டால் தோல் கறுப்பதால். "எங்களுக்கு அதெல்லாம் இல்லை" என்று பெருமையாகச் சொல்லும் கைவினைஞரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கடைசியாக, கேட்க யாருக்கும் தோன்றாத கேள்வி: ஃபார்முலா யாரிடம் இருக்கும்? வழக்கமாக பெர்ஃப்யூமரிடம்தான், உங்களுக்குக் கிடைப்பது வேறு யாருக்கும் விற்கமாட்டோம் என்ற வாக்கு. அதை எழுத்தில் வாங்குங்கள். மறு ஆர்டர் எத்தனை வருடத்துக்குத் தருவார்கள் என்றும், கம்பெனிகள் முன்பே கலந்து விற்கும் ரெடிமேட் கலவைகள் (பேஸ்) ஃபார்முலாவில் எத்தனை இருக்கின்றன என்றும் கேளுங்கள். பேஸ் நின்றுபோனால் தாளில் மிஞ்சுவது அதன் பெயர் மட்டும். ஐரோப்பாவில் 2022 மார்ச்சில் லிலியால் என்ற செயற்கை வாசனைப் பொருள் தடையானபோது அதை நம்பிய ஃபார்முலாக்களை எல்லாம் திருத்த வேண்டியதாயிற்று. முதல் பாட்டிலிலிருந்தே 5 மில்லியைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் கழுத்துவரை நிரப்பி, மூடி, குளிரான இருட்டில் எடுத்து வைத்துவிடுங்கள். நாளைக்குத் திருத்திய மாட் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழியில்லை.