திரையில் ஒரு முகம், தெருவில் ஒரு முகம்

இணையத்தில் காணும் மனிதர் வேறு, நேரில் காணும் மனிதர் வேறு என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 2010ஆம் ஆண்டில் அமெரிக்க, ஜெர்மானியப் பயனர்களின் சமூக வலைத்தளப் பக்கங்களை ஆராய்ந்த உளவியலாளர்கள், அவை அவரவர் ஆசைப்பட்ட உருவத்தைவிட உண்மைக் குணத்தையே பெரிதும் காட்டுவதாகக் கண்டார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர்களுக்கு முன் நின்று படமெடுத்துப் பதிவிடும் உள்ளூர் இளைஞர்களில் பலர், அப்பகுதியின் எல்லையான பெரிய வாய்க்காலுக்கு மேற்கே நெருக்கமான தெருக்களில் வசிப்பவர்கள். அந்தச் சுவர் அவர்களுடையது அல்ல என்பதால் அந்தச் சிரிப்பும் அவர்களுடையது அல்ல என்பது அநியாயம். ஸ்டூடியோவில் வரைந்த திரைச்சீலைக்கு முன் நின்ற நம் தாத்தா பாட்டியும் அதைத்தானே செய்தார்கள்?

என்னை வருத்துவது வேறொன்று. பெரியவர்களைக் கண்டால் வண்டியை நிறுத்தி நலம் விசாரிக்கும் எங்கள் தெருத் தம்பி ஒருவர், முகம் மறைத்த கணக்கிலிருந்து ஒரு பெண்ணைச் சாதி சொல்லி ஏசியிருந்தார். பெயர் தெரியாமை, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டிய தேவையின்மை, உடனடி மறுமொழி இல்லாமை ஆகியவை மனத்தின் தடைகளைத் தளர்த்துகின்றன என்று உளவியலாளர் ஜான் சூலர் 2004இல் விளக்கினார். ஆனால் அவ்வாறு வெளிப்படுவதே 'உண்மையான நான்' என்று அவர் கொள்ளவில்லை. வேறு சூழலில் தலைகாட்டும், அதே மனிதரின் மற்றொரு பகுதி என்றே கருதினார். அப்படியானால் பணிவும் ஏச்சும் இரண்டுமே அந்தத் தம்பியுடையவை, இரண்டுக்கும் அவரே பொறுப்பு.

அத்தம்பியிடம் நேரில் பேசினேன். பதிவை நீக்கிவிட்டார்; அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க இன்னும் முன்வரவில்லை.