தாத்தாவின் ட்ரங்குப் பெட்டியும் ஆயாவின் பென்ஷனும்

தாத்தா 83 வயதில் போய்ச் சேர்ந்தார். ராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவான மதராஸ் இன்ஜினியர் குரூப்பில் சாப்பராக, அதாவது அந்தப் பிரிவின் சிப்பாயாகச் சேர்ந்து ஹவில்தாராக வெளியே வந்தவர். காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊரில் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு மிலிட்டரி வீடு என்றுதான் பெயர். காரியம் முடிந்த கையோடு ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, குடும்ப ஓய்வூதியம் வாங்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள், பேரன்களில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தானாம்.

இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் கட்டணம் கிடையாது, கிராமத்தில் வி.ஏ.ஓ.விடமே பதியலாம். அடுத்து வங்கிக்குச் சொல்லிவிட வேண்டும். ஏ.டி.எம். கார்டு கையில் இருக்கிறதே என்று, இறந்த தேதிக்குப் பிறகு ஏறிய பென்ஷனை எடுத்துச் செலவழித்தால் பின்னால் பிடித்துக்கொள்வார்கள். இதெல்லாம் சுலபமாக முடிந்தது. சிக்கல் ட்ரங்குப் பெட்டியைத் திறந்த பிறகுதான் ஆரம்பித்தது.

கறுப்புப் பெட்டி, மூடியில் வெள்ளை பெயின்ட்டில் அவர் நம்பர். உள்ளே டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் ஆணை, மணியார்டர் ரசீதுக் கட்டு, ஒரு பழைய பனியனில் சுற்றிய மெடல்கள். மெடலின் விளிம்பைச் சாய்த்துப் பிடித்தால் அவர் நம்பரும் பெயரும் பொடி எழுத்தில் வெட்டியிருப்பது தெரியும். 1965 போருக்கு ஒன்று, 1971 போருக்கு ஒரு சங்கிராம் மெடல், ஒரு பஸ்சிமி ஸ்டார். பஸ்சிமி என்றால் மேற்கு முனை. 1971 டிசம்பரில் பசந்தர் ஆற்றில் நம் டாங்கிகள் கடக்கக் கண்ணிவெடிகளை எடுத்து வழி போட்டது மதராஸ் சாப்பர்களின் 9 இன்ஜினியர் ரெஜிமென்ட். தாத்தா அங்கே இருந்தாரா என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. கேட்டபோதெல்லாம் "போற வழிய சுத்தம் பண்ணிக் குடுத்தோம்டா" என்று மட்டும் சொல்வார், அப்புறம் மாமரத்துக்கு மருந்து அடிக்கக் கிளம்பிவிடுவார். ஆனால் ரசீதுக் கட்டு பேசியது. மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம், இரண்டு அத்தைப் பாட்டிகளின் கல்யாணம் நடந்த மாதங்களில் மட்டும் தொகை பெரிது. கிணறு வெட்டிய வருஷத்தையும் அந்தக் கட்டை வைத்தே கண்டுபிடித்தோம். எனக்கு மெடலைவிட இதுதான் பெரிதாகப் பட்டது.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். 1961இல் அவர் சேர்ந்தபோது எங்கள் ஊர் சேலம் மாவட்டம். 1965இல் தருமபுரி பிரிந்தது, 1978இல் அவர் ஓய்வு பெற்றபோது காகிதத்தில் தருமபுரி. 2004இல் கிருஷ்ணகிரி வந்தது, ஆதாரில் அதுதான். வீடு இருந்த இடத்திலேயே இருக்க, ஒரே ஆளுக்கு மூன்று மாவட்டம். இதையாவது விளக்கிவிடலாம், ஆயாவின் பெயர்தான் உண்மையான முட்டுக்கட்டை. ஆயாவுக்கும் அவருடைய மாமியாருக்கும் ஒரே பெயர். மாமியார் பெயரைச் சொல்லி மருமகளை எப்படி அதட்டுவது? அதனால் கல்யாணமாகி வந்த அன்றிலிருந்தே வீட்டில் சின்னப்பொண்ணு. தாத்தாவும் மனைவி பெயர் என்ன என்று பட்டாளத்தில் கேட்டதற்கு அதையே சொல்லியிருக்கிறார். பி.பி.ஓ.வில் சின்னப்பொண்ணு, ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் வேறு பெயர்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனேன். இந்த வேலைக்கு முதலில் போக வேண்டிய இடம் அதுதான். அங்கிருந்த நல அமைப்பாளரும் முன்னாள் ராணுவத்தினர். காகிதத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, "தம்பி, பாதிப் பேர் வீட்டுல இதே கதைதான்" என்றார். இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன்பு உறுதிமொழிப் பத்திரம், வி.ஏ.ஓ. சான்று, டிஸ்சார்ஜ் புக்கில் ஒட்டியிருந்த இருவரின் படம், ஆதார் நகல், எல்லாவற்றையும் சேர்த்து, அவர் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு அனுப்பினோம். அங்கே பார்ட் டூ ஆர்டர் என்கிற பதிவுத் திருத்த உத்தரவு போட்டுப் பெயரைத் திருத்திய பிறகுதான் ராணுவப் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் விண்ணப்பம் நகர்ந்தது. உங்கள் வீட்டில் பென்ஷன் வாங்கும் பெரியவர் இருந்தால் பி.பி.ஓ.வில் மனைவியின் பெயரையும் பிறந்த தேதியையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போது ஒரு கையெழுத்தில் முடிகிற வேலை இது.

ஆயுள் சான்றிதழ் இன்னொரு கூத்து. ஆயா வாழ்நாள் முழுக்கப் புளி தட்டிக் கொட்டை எடுத்தவர், விரலில் ரேகையே இல்லை, மெஷின் எடுக்கவில்லை. கடைசியில் போனில் முகத்தைக் காட்டும் முறையில் செய்தோம். கண்ணைச் சிமிட்டச் சொன்னால் சாமி கும்பிடுவது போல இறுக மூடிக்கொள்கிறார்! பேத்தி எதிரே நின்று சிமிட்டிக் காட்டிய பிறகுதான் சரியானது.

பணம் நிலுவையோடு வந்துவிட்டது. தாத்தா 67 வயதைத் தாண்டி இறந்தவர் என்பதால் கடைசிச் சம்பளக் கணக்கில் 30 சதவீதம்தான், தாத்தா வாங்கியதைவிடக் குறைவு. "அவருக்கு மட்டும் வயிறு பெருசா?" என்று கேட்டார் ஆயா. அவருக்கு 80 வயது முடிந்தால் 20 சதவீதம் கூடும், 85இல் அது 30 ஆகும் என்று விளக்கினேன். "அப்ப இருந்து வாங்கிட்டுத்தான் போவேன்" என்று சொல்லியிருக்கிறார். இனி முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். கார்டில் பெயர் மாற்ற வேண்டும், அதற்கு அடுத்த வாரம் போகிறோம்.