மூன்று பந்தும் ஒரு கால்மணி நேரமும்

எல்லா வேலையும் முடியட்டும், அப்புறம் விளையாடலாம் என்று வைத்தால் அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. அதனால் வரிசையை மாற்றினேன். காலையில் செல்பேசியைத் தொடுவதற்கு முன் கால்மணி நேரம் ஜக்ளிங், அதாவது பல பந்துகளை மாறி மாறி மேலே எறிந்து பிடிக்கும் விளையாட்டு. வேறு காரணம் எதுவும் இல்லை, ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். உடற்பயிற்சி என்று பெயர் வைத்திருந்தால் அதுவும் இன்னொரு கடமையாகியிருக்கும்.

முதலில் ஒரே பந்து. ஒரு கையிலிருந்து மறு கைக்கு, கண் மட்டத்துக்குச் சற்று மேலே வளைந்து போய் விழ வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே உயரம். பிடிப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். எறிவது சரியாக இருந்தால் பந்து தானாகக் கைக்கு வரும்.

இரண்டாவது பந்தில்தான் சிக்கல். முதல் பந்து உச்சியைத் தொடும்போது இரண்டாவதை எறிய வேண்டும். ஆனால் கை பதறிப்போய், எறிவதற்குப் பதிலாகப் பக்கத்துக் கையில் பந்தைத் திணித்துவிடுகிறது. புதிதாகக் கற்கும் பலருக்கும் இப்படித்தான் வரும். "எறி, எறி, பிடி, பிடி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ததில் மெல்ல விட்டது. இன்னும் உயரமாக எறிந்தால் அவகாசம் கிடைக்குமே என்றும் பார்த்தேன். பந்து காற்றில் இருக்கும் நேரம் இரண்டு மடங்காக, உயரம் நான்கு மடங்காக வேண்டும். கைக்கு மேலே 30 செ.மீ. எழும்பும் பந்து ஏறக்குறைய அரை விநாடியில் திரும்பிவிடும். ஒரு விநாடி வேண்டுமென்றால் 120 செ.மீ. அந்த உயரத்தில் கோணம் கொஞ்சம் பிசகினாலும் பந்து எங்கோ போய்விடுகிறது. கண் மட்டமே போதும்.

கட்டிலுக்கு எதிரே நின்று பழகுவது பெரிய உதவி. விழும் பந்து உருண்டோடாது, அடிக்கடி குனியவும் வேண்டாம். பந்தைத் துரத்திக்கொண்டு கால் தானாக முன்னே போகும் பழக்கத்தையும் கட்டில் தடுத்துவிடும்.

மூன்று பந்து ஒருநாள் திடீரென்று ஓட ஆரம்பித்தது. கண் எந்தப் பந்தையும் பின்தொடரவில்லை. வளைவுகளின் உச்சியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. கைகள் கீழே தம் போக்கில் வேலை செய்தன. வாய்விட்டுச் சிரித்தேன், உடனே மூன்றும் விழுந்தன. அப்படியொரு சிரிப்பு வந்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது!

தகவலை அளப்பதற்கும் அனுப்புவதற்குமான கணிதமாகிய தகவல் கோட்பாட்டை 1948இல் உருவாக்கிய அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் ஜக்ளிங் பிரியர். எஃகுப் பந்துகளை முரசின் மேல் துள்ளவிட்டு ஜக்ளிங் செய்யும் இயந்திரம் ஒன்றைக் கட்டினார். பந்து காற்றிலும் கையிலும் இருக்கும் நேரத்தையும் கை காலியாக இருக்கும் நேரத்தையும் இணைத்து ஒரு சமன்பாடே எழுதினார். அவ்வளவு பெரிய மூளை விளையாட்டுக்கு இடம் ஒதுக்கியது என்பதே எனக்குப் பெரிய தைரியம்.

ஜெர்மனி ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மூன்று மாதம் ஜக்ளிங் கற்றவர்களின் மூளையில் அசைவைக் கவனிக்கும் பகுதி சற்றுப் பெருத்திருந்தது. பயிற்சியை விட்டதும் அந்த மாற்றம் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் நாளை வேறோர் ஆய்வு பலனே இல்லை என்று சொன்னாலும் விட மாட்டேன்.

கால்மணி நேரத்தைக் காப்பாற்றுவதுதான் பந்தை விடக் கடினம். அந்த நேரத்தில் அழைப்பு வந்தால் எடுப்பதில்லை. முடித்துவிட்டுத் திருப்பி அழைக்கிறேன். இதுவரை எந்த வேலையும் அதனால் கெட்டுப்போகவில்லை.

இப்போது நான்கு பந்து. இதில் பந்துகள் குறுக்கே போவதில்லை. ஒவ்வொரு கையும் தனியாக இரண்டிரண்டைச் சுழற்ற வேண்டும். வலது கைக்கு வந்துவிட்டது. இடது கை இன்னும் பந்தை வெளியே வீசியடிக்கிறது, அதனால் இந்த வாரம் முழுக்க இடது கைக்கு மட்டும்.