காப்பீடு இல்லாத சர்க்கரை நோயாளியை ஹூஸ்டனில் டாக்டரிடம் கொண்டு சேர்ப்பது

டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டனில் கூரை வேய்கிறவர்கள், வீடு துடைக்கிறவர்கள், உணவகங்களில் பாத்திரம் கழுவுகிறவர்களில் பெரும்பங்கு மெக்சிகோ, ஹோண்டுராஸ், குவாத்தமாலா, எல் சால்வடோர் ஆட்கள். ஆவணம் இல்லாதவருக்கு மெடிக்கெய்ட் என்ற, ஏழைகளுக்கான வழக்கமான அரசுக் காப்பீடு கிடையாது. 2010 சட்டம் திறந்த காப்பீட்டுச் சந்தையில் சொந்தக் காசைக் கொடுத்தாலும் வாங்க முடியாது. கிரீன் கார்டு வந்தவரையும் மெடிக்கெய்டுக்கு 1996 சட்டம் பொதுவாக ஐந்து வருடம் காக்க வைக்கிறது. டெக்சஸ் மெடிக்கெய்டைக் கூடுதல் ஏழைகளுக்கு விரிவாக்கவும் இல்லை.

சர்க்கரை முந்நூறைத் தாண்டி, கண் மங்கி, ராத்திரி ஆறு தடவை எழுந்து போகிறவர் கடைசியில் வந்து நிற்பது அவசரப் பிரிவில்தான். 1986 சட்டப்படி அங்கே பரிசோதித்து, நிலைப்படுத்தியாக வேண்டும். அதோடு அவர்கள் கடமை முடிந்தது. மாதா மாதம் மாத்திரைக்கு வேறு கதவைத் தட்ட வேண்டும். துணைக்குப் போக நினைக்கிற நம்மவர்களுக்காக அந்தக் கதவின் கணக்கு இது.

மத்திய அரசு நிதி பெறும் சமூக சுகாதார மையத்துக்குத்தான் முதலில் போன் செய்ய வேண்டும். பணம் இல்லை என்பதற்காக இவர்கள் திருப்பி அனுப்பக் கூடாது. 'ஸ்லைடிங் ஃபீ' (வருமானத்துக்கேற்ற கட்டணம்) என்ற வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். 2025-இல் வறுமைக்கோடு தனி ஆளுக்கு வருடம் 15,650 டாலர், நால்வர் குடும்பத்துக்கு 32,150 ஆக இருந்தது. நடப்பு வருடக் கோட்டுக்குள் வருமானம் இருந்தால் பெயரளவுக்கு ஒரு சிறு தொகை. அதன் இரு மடங்கு வரை படிப்படியான தள்ளுபடி. அதற்கு மேல் முழுக் கட்டணம். புது நோயாளிக்கு நாள் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம், ஆகவே யாராவது ரத்து செய்தால் கூப்பிடச் சொல்லிப் பெயரைக் கொடுத்து வையுங்கள். வாரநாள் பகலில்தான் நேரம் கிடைக்கும் என்றால் நோயாளிக்கு ஒரு நாள் கூலி போகும். அந்தக் கூலி போய்விடுமே என்று பயந்தே பலர் வருவதில்லை, எனவே மாலை அல்லது சனிக்கிழமை உண்டா என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

பெரும்பாலும் சிக்குவது காகிதத்தில். அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் அல்லது மெக்சிகோ தூதரகம் தரும் மாட்ரிகுலா கான்சுலார் அட்டை. காலாவதியானதை எடுப்பார்களா என்று முன்பே கேட்க வேண்டும். முகவரிக்கு மின் பில் மச்சான் பெயரில் இருக்கும். அப்படியானால் 'இவர் என் வீட்டில் இருக்கிறார்' என்று மச்சானிடம் கையெழுத்திட்ட கடிதமும், அந்தப் பில்லும் வேண்டும். வருமானத்துக்கு, ரொக்கக் கூலி என்றால், முதலாளியின் கடிதம். அவர் தர மறுத்தால், வருமானத்தை நோயாளியே எழுதிக் கையெழுத்திடும் படிவம் மையத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சமூகப் பாதுகாப்பு எண் இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். வேலைக்குக் காட்டும் இரவல் எண்ணையோ பெயரையோ இங்கே எழுதினால் இரண்டு ஆட்களின் மருத்துவப் பதிவு ஒன்றாகக் கலந்துவிடும். அடுத்தவருடைய பென்சிலின் ஒவ்வாமை இவர் கோப்பில் ஏறும், இவருடையது விடுபடும்.

பெயரே ஒரு வம்பு. அவர்கள் ஊர்களில் ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர், முதலில் அப்பாவுடையது, பிறகு அம்மாவுடையது. ஒரு இடத்தில் இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள். இன்னொரு இடத்தில் அப்பா பெயரை நடுப்பெயராக்கி, அம்மா பெயரில் கோப்பு திறப்பார்கள். ரத்தப் பரிசோதனை ஒரு பெயரில் கிடக்க, டாக்டர் இன்னொரு பெயரில் தேடிக்கொண்டிருப்பார். பிறந்த தேதியிலும் நாள் முன்னே, மாதம் பின்னே. இனிஷியலோடு விசா படிவத்தில் மல்லுக்கட்டிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் நாளே பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரு சீட்டில் எழுதி, எல்லா மேசையிலும் அதையே நீட்டச் சொல்லுங்கள்.

கண், சிறுநீரக நிபுணரிடம் அனுப்ப வேண்டி வந்தால் சுகாதார மையத்தின் எல்லை முடிந்துவிடும். ஹூஸ்டனின் பெரும்பகுதி அடங்கிய ஹாரிஸ் கவுண்டிக்குள் (மாவட்டம் போன்றது) வீடு என்றால், அதன் பொது மருத்துவமனை அமைப்பான ஹாரிஸ் ஹெல்த்தின் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஜனங்கள் இன்னும் அதன் பழைய பெயரில் கோல்ட் கார்டு என்பார்கள். ஆவணம் இல்லாதது அதற்குத் தடையில்லை, கவுண்டிக்குள் வசிப்பதும் வருமானமும்தான் கணக்கு. வாடகை குறைவென்று எல்லை தாண்டிப் போனவருக்கு அந்த வழியே அடைபடும், வீடு மாறும்போது யாரும் இதை யோசிப்பதில்லை.

பயத்தை லேசாகப் பேசாதீர்கள். ஆளுநரின் உத்தரவால் 2024 நவம்பர் 1 முதல் டெக்சஸ் மருத்துவமனைகள் குடியுரிமை நிலையைக் கேட்கின்றன. பதில் சொல்ல விருப்பமில்லை என்று சொல்லலாம், அதனால் சிகிச்சை மாறாது. இதை நோயாளிக்கு ஸ்பானிஷில் ஒரு வரியாகப் பழக்கிவிடுங்கள். ஆனால் மருத்துவமனை, பள்ளி போன்ற இடங்களில் குடியேற்ற அதிகாரிகளைக் கட்டுப்படுத்திய கொள்கை 2025 ஜனவரியில் விலக்கப்பட்டுவிட்டது. ஆகவே 'ஒன்றும் ஆகாது' என்று வாக்குக் கொடுக்க நாம் யார்? குடியேற்ற வழக்கு உள்ள நோயாளியைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்வதுதான் சரி.

மொழிபெயர்ப்பாளரை நாள் குறிக்கும்போதே கேட்க வேண்டும், இலவசம்தான். பத்து வயதுப் பிள்ளையை அம்மாவுக்கு மொழிபெயர்க்க உட்கார வைப்பது தவறு. குவாத்தமாலாக்காரர் என்றால் தாய்மொழியையும் கேளுங்கள். மாம் அல்லது கிச்சே பேசுகிறவர் ஸ்பானிஷ் கேள்வி எல்லாவற்றுக்கும் மரியாதைக்கு 'ஸீ, ஸீ' (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டுவார். ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு 1980-இல் ஃப்ளோரிடாவில் நடந்தது போதும். பதினெட்டு வயதுப் பையனுக்கு 'இன்டாக்ஸிகாதோ' என்றார்கள் கியூபக் குடும்பத்தார், சாப்பிட்டது விஷமாகிவிட்டது என்ற பொருளில். போதை மருந்து என்று புரிந்துகொண்டார்கள் டாக்டர்கள். மூளையில் கசிந்த ரத்தம் தாமதமாகத்தான் தெரிந்தது. பையனுக்குக் கைகால்கள் முடங்கின, வழக்கு சுமார் 7.1 கோடி டாலருக்குத் தீர்ந்தது.

மருந்துப் புட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள். தினம் ஒரு தடவை என்பதற்கு ஆங்கிலத்தில் எழுதும் 'ஒன்ஸ்' (once) என்ற அதே நான்கு எழுத்து, ஸ்பானிஷில் 'ஓன்ஸே', அதாவது பதினொன்று. லேபிளை ஸ்பானிஷில் அச்சிடக் கேட்டு வாங்குங்கள். எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று நோயாளியையே திருப்பிச் சொல்ல வையுங்கள்.

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பெரும்பாலும் 500 மில்லிகிராமில், ராத்திரிச் சாப்பாட்டோடு தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் வயிறு கலக்கலாம். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் கூரை மேல் நிற்கிற ஆள் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார். இன்சுலின் கண்ணைப் பறிக்கும் என்ற நம்பிக்கை ஆழமானது. அம்மா இன்சுலின் போட்ட பிறகுதான் பார்வை இழந்தார் என்பார்கள். முற்றிய பிறகே போட ஆரம்பித்ததால் வந்த கணக்கு அது, நம் ஊரிலும் இதே பேச்சுதான். வால்மார்ட்டில் சீட்டில்லாமல் 25 டாலர் வாக்கில் கிடைக்கும் ரிலையான் புட்டி பழைய வகை இன்சுலின். கிளார்ஜின் என்ற, நீண்ட நேரம் வேலை செய்யும் புது வகைக்குப் பதிலாக அதே யூனிட்டை அப்படியே போட்டால் சர்க்கரை திடீரென்று விழலாம்.

வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்றும் கேளுங்கள். நோப்பால் என்ற சப்பாத்திக்கள்ளி என்றால் கவலை குறைவு. ஆனால் பிள்ளைகளின் வயிற்றுக் கட்டுக்கு, எம்பாச்சோ என்பார்கள், கிரேத்தா என்ற மஞ்சள் பொடியோ அசர்கோன் என்ற ஆரஞ்சுப் பொடியோ வீட்டில் இருந்தால் அன்றே நிறுத்தச் சொல்ல வேண்டும். இரண்டும் ஈயம். பிள்ளைக்கு ஈய ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

அவசரப் பிரிவின் பில் பின்னாலேயே வரும். லாப நோக்கற்ற மருத்துவமனை என்றால் முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம், 120 நாளுக்குள் கடுமையான வசூல் நடவடிக்கை எடுக்கக் கூடாது. பயந்து கிரெடிட் கார்டில் கட்டிவிட்டால் அது வெறும் கார்டு கடனாகிவிடும்.

மூன்று மாதம் கழித்து ஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, பார்க்கக் கூப்பிடுவார்கள். ப்ரீபெய்ட் போன் எண் அதற்குள் மாறியிருக்கும். எண் மாறாத ஒருவர், அக்காவோ தேவாலயத்துத் தோழியோ, அவர் அனுமதியோடு அவருடைய எண்ணையும் கோப்பில் இரண்டாவதாக எழுதி வையுங்கள்.